கொலஸ்ட்ரால் கூடிவிட்டது: சாப்பாட்டை மாற்றுவதா, மாத்திரை தொடங்குவதா, மரபணுவைச் சோதிப்பதா?

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ வீட்டுப் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கிலோ ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் ஹெல்த்ஹப் செயலியில் முடிவு வந்துவிடுகிறது. எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்ற வரியில் 4.3 என்றோ 5.1 என்றோ ஓர் எண் இருக்கும். அடுத்த சந்திப்பில் டாக்டர் கேட்பார்: "மாத்திரை தொடங்கலாமா, இல்ல மூணு மாசம் சாப்பாட்டைக் குறைச்சுப் பாக்கறீங்களா?" வெளியே பத்துப் பேர் காத்திருக்க, அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். "சாப்பாட்டைப் பாத்துக்கறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருபவர்களே அதிகம். சிலருக்கு அது மிகச் சரியான பதில். வேறு சிலருக்கு அந்த மூன்று மாதம் மூன்று வருடமாகி, ஒரு நாள் அவசரப் பிரிவில் போய் முடிகிறது.

என் தாய்மாமன்கள் இருவர் ஐம்பது வயதைத் தாண்டாமலே போய்விட்டார்கள். இருவருமே ஒல்லியானவர்கள், சிகரெட் தொடாதவர்கள். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மாத்திரையா, சாப்பாடா" என்று கேட்பதற்கு முன்னால் "இந்தக் கொழுப்பு எனக்கு எங்கிருந்து வந்தது" என்று கேட்க வேண்டும். தட்டிலிருந்து வந்ததைத் தட்டில் சரிசெய்யலாம். தாய் தகப்பனிடமிருந்து வந்ததைத் தட்டில் மட்டும் சரிசெய்ய முடியாது.

நமக்கு இது ஏன் அவசரமான கேள்வி? சிங்கப்பூரில் 1980களின் முற்பாதியில் நடந்த மரணங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில், 30 முதல் 69 வயதுவரையிலான இந்திய ஆண்கள் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்த விகிதம் சீன ஆண்களைப்போல் 3.8 மடங்காக இருந்தது. 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆறு வருடம் என்றால் பிள்ளை தொடக்கக்கல்லூரியில் இருப்பதற்கும் வேலைக்குப் போய்விட்டிருப்பதற்கும் உள்ள இடைவெளி.

எந்த எண்ணைப் பார்ப்பது

முடிவில் பொதுவாக நான்கு எண்கள் இருக்கும்: மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல், 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு. மாத்திரை பற்றிய முடிவுக்கு முதலில் பார்க்க வேண்டியது எல்டிஎல். "எனக்கு நல்ல கொலஸ்ட்ரால் அதிகம், அது கெட்டதைச் சமன் பண்ணிடும்" என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். அந்த ஆறுதலுக்கு இன்று ஆதாரம் இல்லை. எச்டிஎல்லை உயர்த்தும் மருந்துகளைச் சோதித்த பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியில் முடிந்தன. எச்டிஎல்லை உயர்த்தும் ஒரு மரபணு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் வந்த ஆய்வும் காட்டியது. குறைந்த எச்டிஎல் ஓர் அபாய அறிகுறி, அவ்வளவுதான். எல்டிஎல் அப்படியில்லை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிவது அதுதான்.

எண்ணைப் படிக்கும்போது அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மில்லிமோல் கணக்கு, ஊரில் மில்லிகிராம் கணக்கு. தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவின் பரிசோதனைத் தாளில் எல்டிஎல் 198 என்று இருந்தால், அதை 38.67ஆல் வகுக்க வேண்டும். 5.1 வரும். உங்கள் எண்ணும் 5.1 என்றால், அப்பாவுக்கும் உங்களுக்கும் ஒரே அளவு. இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்த்தாலே பல குடும்பங்களில் மரபுவழித் தொடர்பு பளிச்சென்று தெரிந்துவிடும். அலகு வேறு வேறாக இருப்பதால் யாரும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

மரபணு என்ன செய்கிறது

ஈரலின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. ஜோசப் கோல்ட்ஸ்டீனும் மைக்கேல் பிரவுனும் அவற்றைக் கண்டறிந்ததற்காக 1985இல் நோபெல் பரிசு பெற்றார்கள். சிலருக்கு அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருக்கும். ஏற்பிகளில் பாதி வேலை செய்யாது, ரத்தத்தில் எல்டிஎல் தேங்கும். இதுதான் பரம்பரை உயர் கொலஸ்ட்ரால். உலக அளவில் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. தீப்பாய்ந்த அம்மன் கோயில் திருவிழாவானாலும் தைப்பூசமானாலும், பிள்ளையார் சதுர்த்தி அன்னதான வரிசையானாலும், அங்கே நிற்பவர்களில் சிலருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது.

இந்த வகையினரைத் தவிர மற்றவர்களுக்கு ஒரே ஒரு பெரிய பழுது இருக்காது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் எல்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். அதன்மேல் சாப்பாடு, எடை, தைராய்டு, மாதவிடாய் நின்றுபோதல் எல்லாம் ஏறி உட்காரும். ஒரே பிராட்டா, ஒரே குழம்பு சாப்பிடும் அண்ணன் தம்பியில் ஒருவருக்கு 2.8, இன்னொருவருக்கு 4.2 என்று வருவதன் காரணம் இதுதான்.

மரபணு ஆய்வுகள் கற்றுக்கொடுத்த பெரிய பாடம், காலத்தைப் பற்றியது. எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளை அழிக்கவைக்கும் பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்த நிலையில் பிறந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2006இல் அமெரிக்காவில் வெளியானது. கறுப்பினத்தவரில் அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடுதான் குறைவு. ஆனால் இதயநோய் 88 விழுக்காடு குறைவு. பிறந்ததிலிருந்தே குறைவாக இருந்ததால் வந்த பலன் அது. 2012இல் வந்த இன்னொரு பகுப்பாய்வு இதையே வேறு விதத்தில் காட்டியது: எல்டிஎல் வாழ்நாள் முழுக்க ஒரு மில்லிமோல் குறைவாக இருந்தால் இதயநோய் அபாயம் பாதிக்கு மேல் குறைகிறது. நடுவயதுக்குப் பிறகு மாத்திரை எடுத்து அதே ஒரு மில்லிமோலை ஐந்தாண்டு குறைத்தால் கிடைப்பது 22 விழுக்காடு. ஆகவே எவ்வளவு உயரம் என்பதோடு எத்தனை வருடமாக உயரம் என்பதும் சேர்ந்த கணக்கு இது. 35 வயதில் 5.0 உள்ளவருக்குப் பரம்பரை வகையென்றால், அவர் குழந்தையிலிருந்தே அந்த அளவைச் சுமந்து வந்திருக்கிறார். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்பதை அவர் ஏற்கெனவே 35 வருடம் செய்துவிட்டார்.

முதல் வழி: சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றுவது

சாப்பாட்டால் எவ்வளவு குறையும் என்பதற்கு மிக நேர்மையான பதில் கனடாவில் கிடைத்தது. 2003இல் டொரோண்டோவில் ஒரு குழுவினர், ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் எல்லாம் சேர்ந்த உணவுமுறையை ஒரு மாதம் கொடுத்தார்கள். சாப்பாடு ஆய்வாளர்களே தந்தது. எல்டிஎல் 28.6 விழுக்காடு குறைந்தது. லோவாஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்தவர்களுக்கு 30.9 விழுக்காடு. கிட்டத்தட்ட சமம்! அதே உணவுமுறையை மக்களே வாங்கி, சமைத்து, வீட்டில் கடைப்பிடிக்கச் சொன்ன ஆய்வு 2011இல் வந்தது. ஆறு மாதம் கழித்துக் கிடைத்த குறைவு 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல். முதல் எண் உணவின் வலிமையைச் சொல்கிறது. இரண்டாவது எண் வேலை, பிள்ளைகள், கல்யாண விருந்து, தீபாவளிப் பலகாரம் எல்லாம் உள்ள வாழ்க்கையில் அந்த வலிமை எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சொல்கிறது. முடிவெடுக்கும்போது இரண்டாவது எண்ணையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். 4.2 அதனால் 3.6 ஆகலாம். 5.8 என்றால் 5.0க்குத்தான் வரும், அது போதாது.

நம் தட்டில் எது எல்டிஎல்லை ஏற்றுகிறது? பலரும் முட்டையையும் இறாலையும் குற்றம் சொல்கிறார்கள். பெரிய பங்கு நிறைவுற்ற கொழுப்புக்குத்தான்: நெய், வெண்ணெய், தேங்காய்ப்பால், தேங்காயெண்ணெய், பாமாயில், கொழுப்போடு சமைத்த ஆட்டிறைச்சி. தேங்காயெண்ணெய் பற்றி நமக்குள் நடக்கும் சண்டை பெரிது. "பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுறோம்" என்பார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் சோ சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை ஏறத்தாழ 0.27 மில்லிமோல் ஏற்றியது. நமக்கு மிக அருகிலேயே நடந்த வேலை இது, நம்மிடையே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் நிறைவுற்ற கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 11 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் எட்டு ஒன்பது கிராம். காலையில் இரண்டு நெய் தோசை, மதியம் தேங்காய்ப்பால் குழம்பு, மாலையில் பாமாயிலில் பொரித்த வடை என்றால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே வரம்பு தாண்டிவிடும். இதில் எதையும் அடியோடு விடச் சொல்லவில்லை. தோசைக் கல்லுக்கு நல்லெண்ணெயோ கனோலாவோ, குழம்புக்குத் தேங்காய்ப்பாலில் பாதியைக் குறைத்துப் புளியும் தக்காளியும், பொரிப்பது வாரம் ஒரு நாள் என்று மாற்றினால் அன்றாடக் கணக்கு பெரிதும் இறங்கும். தினம் ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டால் அதிலுள்ள கரையும் நார்ச்சத்து எல்டிஎல்லை இன்னொரு 0.25 மில்லிமோல் அளவுக்குக் குறைக்கும். ஓட்ஸ் கஞ்சி இறங்காதவர்கள் ஓட்ஸை உளுந்து மாவோடு சேர்த்துத் தோசை சுடுகிறார்கள். பருப்பு, கொள்ளு, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் அதே திசையில் உதவும். காப்பிக்கடைக் காப்பியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். காப்பிக் கொட்டையில் எல்டிஎல்லை ஏற்றும் எண்ணெய்ப் பொருள்கள் உண்டு, ஆனால் காப்பிக்கடையில் வடிக்கப் பயன்படுத்தும் துணி வடிகட்டி அவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது. அதில் ஊற்றும் கெட்டிப்பால்தான் கவனிக்க வேண்டியது.

டிரைகிளிசரைடு விஷயத்தில் கதை வேறு. அங்கே சாப்பாடும் பழக்கமும்தான் ராஜா. நம்மில் பலருக்கு எல்டிஎல் நடுத்தரம், டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு, வயிற்றைச் சுற்றித் தொப்பை என்று ஒரு கோலம் இருக்கும். குவித்த சோறு, இனிப்புத் தே, பீர் மூன்றும் இதற்குக் காரணமாகின்றன. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறி, சோற்றைக் குறைத்து, மதுவை நிறுத்தி, தினம் அரை மணி நேரம் வேர்க்க நடந்தால் சில வாரங்களிலேயே இந்த எண் இறங்குவதைப் பார்க்கலாம். உடற்பயிற்சி எல்டிஎல்லைப் பெரிதாக இறக்காது. மூன்று மாதம் பிஷான் பூங்காவில் ஓடிவிட்டு எல்டிஎல் அப்படியே இருக்கிறதே என்று மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் வீணாகவில்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, டிரைகிளிசரைடு எல்லாவற்றுக்கும் அது வேலை செய்தது. எல்டிஎல்லுக்கு வேறு கருவி வேண்டும்.

"மரபணுவிலேயே இருக்கிறது, இனி என்ன சாப்பிட்டால் என்ன" என்பதும் தவறான முடிவு. ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் தரவை வைத்து 2016இல் வந்த ஓர் ஆய்வு, மரபுவழி அபாயம் மிக அதிகமுள்ளவர்களை மட்டும் தனியே பார்த்தது. அவர்களில் புகைக்காமல், பருமனாகாமல், உடலை அசைத்து, நல்ல உணவு உண்டவர்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட இதய அபாயம் 46 விழுக்காடு குறைவு.

இரண்டாம் வழி: ஸ்டேட்டின்

கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர் முதலில் தரும் மாத்திரை வகைதான் ஸ்டேட்டின். நடுத்தர அளவு ஸ்டேட்டின் எல்டிஎல்லை 30 முதல் 49 விழுக்காடுவரை குறைக்கும். அதிக அளவு 50 விழுக்காடோ அதற்கு மேலோ. இந்த மருந்தின் தொடக்கம் ஜப்பானில்: 1970களில் அக்கிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர் ஒரு பூஞ்சைக்காளானிலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று மருந்துக் கடைகளில் 'இயற்கை' என்று விற்பதில் இருக்கும் முக்கியப் பொருள் லோவாஸ்டேட்டினேதான், அதுவும் பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவு மாறுவது. "மாத்திரை வேண்டாம்" என்று சொல்லி அதை வாங்குபவர்கள் அளவு தெரியாத மாத்திரையைத்தான் வாங்குகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

பயங்களில் பெரியது தசைவலி. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை விட்ட 60 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த சம்சன் ஆய்வு 2020இல் வெளியானது. சில மாதம் உண்மை மாத்திரை, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. மாத்திரை எடுத்த மாதங்களில் எது உண்மை, எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டேட்டின் மாதங்களில் அவர்கள் உணர்ந்த தொந்தரவில் 90 விழுக்காடு வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி நிஜம், காரணம்தான் வேறு. முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு பாதிப் பேர் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பினார்கள். அரிதாகச் சிலருக்கு உண்மையான தசைப் பாதிப்பு உண்டு. கடுமையான வலியோடு சிறுநீர் கறுத்துப்போனால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

சர்க்கரை பற்றிய கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்டேட்டின் நீரிழிவு வரும் வாய்ப்பை ஏறத்தாழ 9 விழுக்காடு கூட்டுகிறது: 255 பேர் நான்கு ஆண்டு எடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு. ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களே பெரும்பாலும் அப்படித் தாண்டுகிறார்கள். நம் சமூகத்தில் அந்த எல்லையில் நிற்பவர்கள் நிறைய என்பதால் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாரடைப்புக் குறையும் அளவோடு எடைபோட்டால், அபாயம் உள்ளவர்களுக்குத் தராசு தெளிவாக மாத்திரைப் பக்கம் சாய்கிறது. அபாயம் மிகக் குறைந்தவர்களுக்கு அவ்வளவு தெளிவில்லை.

நமக்கென்று ஒரு குறிப்பு. ரோசுவாஸ்டேட்டின் மருந்தை இங்கே சிங்கப்பூரில் வாழும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கு ஒரே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவுப்படி, ரத்தத்தில் மருந்து சேர்ந்த அளவு வெள்ளையர்களைவிடச் சீனர்களுக்கு 2.3 மடங்கு, மலாய்க்காரர்களுக்கு 1.9 மடங்கு, இந்தியர்களுக்கு 1.6 மடங்கு. அதனால்தான் டாக்டர் 5 மில்லிகிராமில் தொடங்குகிறார். இணையத்தில் அமெரிக்கர் ஒருவர் 40 எடுக்கிறார் என்று படித்துவிட்டு "எனக்கு ஏன் இவ்வளவு கம்மி" என்று கேட்க வேண்டியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, பழைய ஸ்டேட்டின்கள் மலிவானவை. ரத்தக் கொழுப்புக் கோளாறு நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு பயன்படும், அரசாங்க மானியம் தரும் சாஸ் அட்டையும் உதவும். ஆக, முடிவு பணத்தால் தீர்மானிக்கப்பட வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை.

மூன்றாம் வழி: இன்னும் ஆழமாகச் சோதிப்பது

சோதனை ஒன்றைச் செய்வதற்கு முன், "இதன் முடிவு என் தீர்மானத்தை மாற்றுமா" என்று கேளுங்கள். மாற்றாது என்றால் பணம் மிச்சம்.

பரம்பரை உயர் கொலஸ்ட்ராலுக்கான மரபணுச் சோதனை 2025 ஜூன் 30 முதல் இங்கே தேசியத் திட்டமாக நடக்கிறது. எல்டிஎல் 5.5 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களை மருத்துவர் அனுப்பலாம். தகுதிக்கேற்ப 70 விழுக்காடுவரை மானியம், மெடிசேவும் உண்டு. ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: எல்டிஎல் 5.8 உள்ளவருக்கு மரபணு முடிவு எப்படி வந்தாலும் மாத்திரை தேவைதான். 4.9ஐத் தாண்டிவிட்டாலே, பத்தாண்டில் இதயநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்ற அபாயக் கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை. அப்படியானால் சோதனை எதற்கு? அவருடைய குடும்பத்துக்காக. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மரபணுச் சோதனைக்கு முன்பே வீட்டில் பார்க்கக்கூடியவை உண்டு. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தால் அது கொழுப்புப் படிவாக இருக்கலாம். கை முட்டிகளின் மேல் கட்டிகள், 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் ஆகியவையும் அப்படித்தான். அப்பா, சித்தப்பா, அத்தை யாருக்காவது ஆண் என்றால் 55க்குள், பெண் என்றால் 65க்குள் மாரடைப்போ பைபாஸோ நடந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். "திடீர்னு நெஞ்சு வலின்னாரு, அவ்வளவுதான்" என்று குடும்பத்தில் சொல்லப்படும் கதைகளும் கணக்கில் சேரும். கூடவே தைராய்டுச் சோதனையும் செய்துவிடுங்கள். தைராய்டு மந்தமானாலும் எல்டிஎல் ஏறும், அதைச் சரிசெய்தால் இறங்கும். அண்மையில் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறைக்கு மாறியவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

லிப்போபுரோட்டீன்-ஏ என்ற சோதனையை நான் வலியுறுத்திச் சொல்வேன். எல்டிஎல்லைப்போலவே கொழுப்பைச் சுமக்கும் துகள் அது, நார்வேயின் கோரே பெர்க் 1963இல் கண்டறிந்தது. அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே நிர்ணயிக்கிறது. ஓட்ஸும் ஓட்டமும் அதை அசைக்காது, ஸ்டேட்டினும் குறைக்காது. தெற்காசியர்களிடம் சீனர்களைவிட அது அதிகம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது வராது, கேட்டு வாங்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். 125 நானோமோலுக்கு மேலோ 50 மில்லிகிராமுக்கு மேலோ இருந்தால், 3.8 என்ற நடுத்தர எல்டிஎல்லையும் நீங்கள் இன்னும் கடுமையாகப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு மனதாக இருப்பவரின் முடிவைத் திருப்பக்கூடிய மலிவான சோதனை இதுதான் என்பது என் கணிப்பு.

இதயத்தின் சுண்ணாம்புப் படிவை அளக்கும் சிடி ஸ்கேன், ஐம்பதை ஒட்டியவர்களுக்கு உதவும். பூஜ்யம் என்று வந்தால் சிலர் மாத்திரையைத் தள்ளிப்போடலாம், நூறைத் தாண்டினால் மாத்திரைதான், பேச்சுக்கே இடமில்லை. 35 வயதுக்காரர் அதில் பூஜ்யம் வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிடக் கூடாது. அந்த வயதில் படிவு இன்னும் மென்மையாக, சுண்ணாம்பு ஏறாமல் இருக்கும்.

எனவே, யார் எதை எடுப்பது

எல்டிஎல் 4.9 அல்லது அதற்கு மேல் இருப்பவர் மூன்று மாத அவகாசம் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாப்பாட்டை மாற்றட்டும், மாத்திரையையும் அன்றே தொடங்கட்டும். முன்பே மாரடைப்பு வந்தவர், நீரிழிவுக்காரர்களில் பெரும்பாலோர் ஆகியோருக்கும் அப்படித்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு இலக்கே 1.8க்குக் கீழே, சிலருக்கு 1.4. அங்கே உணவு மட்டும் கொண்டுசேர்க்காது.

3.4க்கும் 4.9க்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இல்லை, புகைப்பதில்லை, ரத்தக்கொதிப்பு இல்லை என்றால் மூன்று மாதத்தை நேர்மையாகக் கொடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதியை அன்றே முகப்பில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். தேதியில்லாத மூன்று மாதம் முடியவே முடியாது. குடும்பத்தில் அந்தக் கதை இருந்தால் முதலில் லிப்போபுரோட்டீன்-ஏ பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதயநோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும், சிங்கப்பூருக்கென்று திருத்தியமைத்த ஃபிரேமிங்கம் அபாயக் கணக்கு வயதையும் ரத்தக்கொதிப்பையும் மட்டுமல்லாமல் இனத்தையும் கேட்கிறது. அதில் உங்கள் விழுக்காடு என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள், சொல்வார்.

கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் ஸ்டேட்டின் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும், பொதுவாக அந்தக் காலத்தில் அது நிறுத்தப்படும். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நாற்பதைத் தாண்டியவர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியின் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்பாவுக்கு 48இல் வந்திருந்தால் மகன் 25இலேயே பார்த்துவிடுவது நல்லது.

இனி, மரபணு முடிவு 'உண்டு' என்று வந்தவருக்கு இருக்கும் தேர்வு: யாரிடம் சொல்வது. உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அதே பழுது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் நம் வீடுகளில் இதை மூடி வைக்கிறார்கள். தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, "இப்ப எதுக்கு இதெல்லாம் வெளியே" என்பார் அம்மா. காப்புறுதி கிடைக்காதோ என்று அண்ணி பயப்படுவார். காப்புறுதி நிறுவனங்கள் மரபணுச் சோதனை செய்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஏற்பாடு இங்கே 2021 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் உயர்வாக இருப்பது வேறு விஷயம், விண்ணப்பத்தில் கேட்டால் அதைச் சொல்லத்தான் வேண்டும். சோதனையை ஒளித்தாலும் அந்த எண் ஒளியாது. தங்கைக்குச் செய்ய வேண்டிய சோதனையும் சின்னது. அண்ணனிடம் கண்டுபிடித்த அந்த ஒரே பழுதை மட்டும்தான் அவரிடம் தேடுவார்கள், அதனால் செலவும் குறைவு. இருந்தால், முப்பது வயதிலேயே மாத்திரை தொடங்கி, அண்ணனுக்குக் கிடைக்காத இருபது வருடம் அவருக்குக் கிடைக்கும். இல்லையென்றால் அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் வழியாக அது போகாது, அந்தக் கிளையில் யாரும் அதற்காக மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.